லீவு நாளில் கட்டிய பெட்டி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சிரித்துக்கொண்டு சொன்ன ஒரு விசயம்தான் என்னைப் பேனை எடுக்க வைத்தது. உன் தலையிடிக்குப் பிரஷர் காரணமாக இருக்கலாம் என்று கொழும்பு டொக்டர் சந்தேகப்படுகிறார், அவருடைய அறையில் அளந்தால் ஏறியிருக்கிறது, அதனால் ஒரு நாள் முழுக்கக் கையில் பட்டியும் இடுப்பில் பெட்டியுமாக இருந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்றாய். "பௌர்ணமிப் போயாவுக்குக் கட்டப்போறன் அம்மா. லீவுதானே. வாணி உப்பில்லாமச் சமைச்சுத் தாறன் எண்டவள். பேசாமப் படுத்திருக்கலாம்" என்றாய். அதோடு விட்டிருந்தால் நானும் சரியென்றிருப்பேன். "எனக்கும் அப்பாவைப் போலத்தான். டொக்டரைக் கண்டாத்தான் ஏறுது" என்று சொல்லிச் சிரித்தாய். பழக்கதோசத்தில் நானும் சிரித்துவிட்டேன். பிறகு தேத்தண்ணி வைக்கப் போனவள் அடுப்பைப் பற்றவைக்காமல் கையில் நெருப்புப்பெட்டியோடு நின்றேன். அந்தப் பகிடியை எங்கள் வீட்டில் தொடங்கி வைத்தவள் நான். அது உண்மையில்லை என்று தெரிந்த பிறகும் அதற்குச் சிரித்துக்கொண்டிருந்தவளும் நான்தான்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். நீ அறிந்ததில் பாதி நான் எனக்கு வசதியாகச் சொல்லித் தந்தது. நான் வேலை செய்த டிஸ்பென்சரி உனக்கு ஞாபகம் இருக்கும். அம்பிட்டிய சந்தியிலிருந்து இறங்கும் வளைவில், மருந்து மணமும் பக்கத்துப் பேக்கரியின் பாண் மணமும் கலந்து அடிக்கும் அந்த நீள அறை. டொக்டர் சிங்களவர். நேர்ஸ் என்பதால் என்னை ஊரே மிஸி என்றுதான் கூப்பிட்டது. எனக்குப் பெயர் ஒன்று இருப்பது சில பேருக்குத் தெரியவே தெரியாது. உனக்கு மூன்று வயதாக இருந்தபோது, அந்த ஆடி மாதம் நகரில் தமிழரின் கடைகள் எரிந்த நேரம், டொக்டர் எங்கள் மூவரையும் உள்ளறையில் மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் மருந்து எழுதினார். உனக்கு அன்றைக்கென்று இருமல். நீ உள்ளே இருமும்போதெல்லாம் அவர் வெளியே இன்னும் பலமாக இருமினார். இதை நான் உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். இப்போது ஏன் திரும்பச் சொல்கிறேன் என்றால், அந்த மனிதரிடம் எனக்கிருந்த நன்றியே பிறகு என் வாயை அடைத்தது.

உன் அப்பா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். காலையில் வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியுமாக பஸ்ஸில் கண்டிக்கு இறங்குவார், பின்னேரம் ஏறி வருவார், கை கால் கழுவிவிட்டுப் பேப்பரை விரிப்பார். "என்ன நடந்தது இண்டைக்கு?" என்று கேட்டால் "வழமைதான்" என்பார். அந்த ஒரு சொல்லோடு அவருடைய நாள் முடிந்துவிடும். நானும் தோண்டிக் கேட்கிறவள் இல்லை. வீட்டுக்கு வந்த மனிசனை நிம்மதியாக விடுவதுதான் அன்பு என்று நினைத்திருந்தேன்.

நகருக்குள் குண்டு வெடித்த பிறகு வந்த மாதங்கள் உனக்கு நினைவிருக்கும். நீ உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அம்பிட்டிய பஸ் நகரைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்க வேண்டும், பையைத் திறந்து காட்ட வேண்டும், அடையாள அட்டையை நீட்ட வேண்டும். அட்டையில் தமிழ் எழுத்தைக் கண்டால் பார்க்கிறவரின் முகம் மாறும். அந்தக் காலத்தில்தான் அப்பாவின் பிரஷர் டிஸ்பென்சரியில் அளக்கும்போதெல்லாம் ஏறத் தொடங்கியது. டொக்டர் குளிசை கொடுத்தார். அது சலத்தைக் கூட்டும் குளிசை. ஒருவருடைய சாட்சியத்தைப் பெயர்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் எழும்பிப் போக முடியாதே என்று அப்பா அந்தக் குளிசையைத் திட்டாத நாளில்லை.

அப்போதுதான் டொக்டருக்கு அந்தப் பெட்டி வந்தது. இங்கிலாந்தில் இருந்த மகள் அனுப்பியிருந்தாள். புதுக் கார் வாங்கியவர் மாதிரி அதைத் துடைத்துத் துடைத்து வைத்தார். கையில் கட்டும் பட்டி தானாகவே அரை மணிக்கொரு தரம் இறுகும், அளக்கும், தளரும். பெட்டி இடுப்பு வாரில் தொங்கும். மறுநாள் அதை இன்னொரு கருவியில் செருகினால் கடைப் பில் போல நீளமாகத் தாள் வரும். "எனக்கு முன்னால் உட்காரும்போது மனிதன் பாதி மனிதன், மிஸி. எனக்கு வேண்டியது அவனுடைய முழு நாள்" என்பார் டொக்டர். பட்டி கட்டுவதும், இரண்டு பாஷையிலும் விளங்கப்படுத்துவதும் என் வேலை. "உங்களுடைய வழமையான நாளாக இருக்க வேண்டும். வேலைக்குப் போங்கள். சண்டை பிடிக்கிறவர் என்றால் பிடியுங்கள். பட்டி இறுகும்போது மட்டும் கையை ஆட்ட வேண்டாம்" என்று பாடமாகச் சொல்வேன்.

ஆனால் எங்கள் சனம் கேட்குமா? சோதனை என்றால் எல்லோருக்கும் நல்ல பெயர் எடுக்க ஆசை. மஹய்யாவவிலிருந்து வந்த ஒரு கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு, தலை முழுகி, விபூதி பூசி, கோயிலுக்குப் போகிறவர் போல வந்து நின்றார். "இன்னைக்கு ஒரு பொழுது அமைதியா இருக்கலாம்னு வந்தேங்க மிஸி" என்றார். "போய்க் கடையைத் திறந்து வச்சிட்டு வாங்க ஐயா, கடன்காரனோட கத்துறதையும் சேத்துத்தான் இது அளக்கணும்" என்று திருப்பி அனுப்பினேன். டிஸ்பென்சரி முழுக்கச் சிரித்தது. நான் அவ்வளவு கெட்டிக்காரி.

அப்பாவின் முறை வந்தபோது டொக்டர் சொன்னது இதுதான்: வேலை நாளில் கட்டு, சாவடியில் காட்ட நான் கடிதம் தருகிறேன். அன்று பின்னேரம் அப்பா உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போது நான் கதவோடு நின்று கேட்டேன். "இடுப்பில பெட்டியும் குழாயுமாப் பஸ்ஸால இறங்கப்போறியளே?"

"டொக்டர் கடிதம் தாறன் எண்டவரெல்லே" என்றார்.

"கடிதத்தை எடுக்கச் சேட்டுக்குள்ள கை விடவேணும். அதுக்கிடையில அவங்கள் என்ன நினைப்பாங்களோ, என்ன செய்வாங்களோ?"

அவர் கழற்றிய சேட்டை ஆணியில் கொளுவினார். "நீர் சொல்லுறதும் சரிதான்" என்றார். "லீவு போடுறன். ஒரு நாள்தானே."

நான் பயந்தது பிழை என்று இப்போதும் சொல்லமாட்டேன். அந்த நாட்களில் இடுப்பில் ஏதாவது புடைத்துத் தெரிந்தாலே போதும், குண்டென்று சுட்டுவிடுவார்கள். என் பிழை அந்தப் பயத்தை டொக்டரிடம் கொண்டுபோய்ச் சொல்லாதது. வேறு வழி ஏதும் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்காதது. கடைக்காரரைத் திருப்பி அனுப்பிய அதே கையால் அப்பாவுக்கு வீட்டில் பட்டியைக் கட்டினேன். நானும் லீவு போட்டேன். சாய்மனைக் கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டேன். றேடியோவில் செய்தி வரும் நேரம் பார்த்து அதை மூடினேன். உப்பில்லாத புட்டும் முருங்கைக்காய்க் கறியும் வைத்தேன். நீ ரியூசனால் வந்து, "என்னப்பா, றோபோ மாதிரி இருக்கிறியள்?" என்று கேட்டாய். அவர் சிரிக்கத் தொடங்கவும் பட்டி இறுகவும் சரியாக இருந்தது. பாதிச் சிரிப்பில் அப்படியே படம் பிடிக்க நிற்கிறவர் மாதிரி நின்றுவிட்டார். நாங்கள் மூவரும் அவ்வளவு சந்தோசமாக இருந்த நாட்கள் அந்த வருடத்தில் குறைவு. அதனால்தான் அந்த நாளை வெறுக்கவும் முடியவில்லை எனக்கு.

மறுநாள் தாள் வந்தது. எல்லாம் ஒழுங்கு. டொக்டர் அதை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். எந்த நாள், எங்கே போனார் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. மிஸி கட்டின பெட்டி பிழைக்காது என்ற நம்பிக்கை. "உம்முடைய மாத்தயாவுக்கு என்னைக் கண்டால்தான் பயம்" என்று சொல்லிச் சிரித்தார். குளிசையை நிறுத்தினார். அப்பாவுக்குப் பிடித்த தீர்ப்பு வேறு என்ன இருக்க முடியும்? அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து, "அப்பாவுக்கு டொக்டரைக் கண்டாத்தான் பிரஷர் ஏறுதாம்" என்று உனக்குச் சொன்னேன். அதை நீ பிடித்துக்கொண்டாய். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

இனி நான் யாரிடமும் சொல்லாத பகுதி. சில மாதங்கள் கழித்து ஒரு பொலிஸ் சார்ஜன் டிஸ்பென்சரிக்கு வந்தார். அந்தச் சாவடியிலேயே நிற்கிறவர், தடித்த மனிதர், உடுதுணி முழுக்க வியர்வை. அவருக்கும் தலையிடி. பிரஷர் ஒரு நாள் ஏறியிருக்கும், ஒரு நாள் இராது. டொக்டர் பெட்டியைக் கட்டச் சொன்னார், அதுவும் கடமையில் இருக்கும்போது. கட்டிக்கொண்டிருக்கும்போது நான் கேட்டேன், இதோடு சாவடியில் நிற்பீர்களா என்று. "நேற்றே டொக்டரிடம் வாங்கிக்கொண்டுபோய் என் ஆட்களிடம் காட்டிவிட்டேன், இது டொக்டரின் பெட்டி, சுட்டுத் தொலைக்காதீர்கள் என்று" எனச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்கள் மாத்தயாவை எனக்குத் தெரியும், மிஸி. நீதிமன்றத்தில் வேலை செய்கிறவர்தானே. ஒவ்வொரு நாளும் நான் கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். நல்ல மனிதர்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நான் கட்டிய பட்டியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

அவருடைய தாள் வந்தபோது டொக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். காலையில் பஸ்கள் வரிசையாக வரும் நேரம் முழுக்க எண்கள் மேலே மேலே ஏறியிருந்தன. வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் இறங்கியிருந்தன. "பார்த்தீரா? ஒவ்வொரு பஸ்ஸும் இவருக்கு ஒரு பயம். இவர் இதை லீவு நாளில் கட்டியிருந்தால், உனக்கு ஒன்றுமில்லை, போ என்று நானே அனுப்பியிருப்பேன்" என்றார். பையைச் சோதிக்கிற மனிதனுக்கே இப்படி ஏறினால், பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதனுக்கு? அது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. இரவல் புத்தி ஒன்றும் தேவைப்படவில்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். டொக்டர், என் மனிசனும் வீட்டில் இருந்துதான் கட்டினவர் என்று. ஒரு வசனம். ஆனால் எங்களைப் பூட்டி வைத்துக் காப்பாற்றிய மனிதர், என்னை நம்பிக் குளிசையை நிறுத்தியவர். அவர் முகத்தைப் பார்த்து, உங்களை ஏமாற்றிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அப்பாவும் குளிசை இல்லாமல் சந்தோசமாக இருந்தார். உன் உயர்தரச் சோதனை முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லி, வேறு நாளில் திரும்பக் கட்டலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்தச் சார்ஜன் முதலே காட்டியது போல நாங்களும் காட்டியிருக்கலாமா என்றும் யோசித்தேன். அவர் காட்டினால் அவர்கள் சிரிப்பார்கள். அப்பா காட்டினால் சிரிப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. போய்க் கேட்டால்தானே தெரியும். நான் கேட்கவில்லை.

உன் சோதனை முடிந்தது. பெறுபேறு வருவதற்கு முன்பே அப்பா நீதிமன்றத்தில் விழுந்தார். அது உனக்குத் தெரியும். பாரிசவாதத்தில் வலப்பக்கம் போனதும், சிங்களமும் ஆங்கிலமும் ஒன்றாய் மறந்து, தமிழில் "ஓம்", "தண்ணி", "தம்பி" என்ற சொற்களோடு அவர் கட்டிலில் கிடந்ததும் தெரியும். நீ பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு ஒரு நாள் ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் அவரைப் பார்க்க வந்தாள், கையில் ஒரு பை கரட்டும் லீக்சும். அதை நான் உனக்குச் சொல்லவில்லை. அவளுடைய மகனை லொட்ஜ் ஒன்றில் பிடித்துக்கொண்டுபோய், மாதக்கணக்கில் வைத்திருந்து, பிறகுதான் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். "எங்க பையன் தமிழ்ல சொல்லுவான், ஐயா சிங்களத்துல சொல்லுவாரு. என்னைய அடிச்சாங்க, என்னையத் தொங்கவிட்டாங்கன்னு இவரு தன்னையவே சொல்ற மாதிரி சொன்னாருங்க. நடுவுல நின்னுட்டாரு. தண்ணி கேப்பாருன்னு பாத்தோம். அப்படியே சாஞ்சுட்டாருங்க" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அப்படித்தான் பேச வேண்டுமாம். சொல்கிறவன் "நான்" என்றால் அவரும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். நாள் முழுக்க, வருடக்கணக்காக, அடிபட்ட பிள்ளைகளின் "நான்" எல்லாம் அவருடைய வாயால் போயிருக்கிறது. பின்னேரம் வந்து "வழமைதான்" என்றிருக்கிறார். நான் சாவடிக்கு மட்டும் பயந்தேன். அவருடைய நாளில் அதைவிடப் பெரிய ஏற்றம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பெட்டிக்குத் தெரிந்திருக்கும். அதைத்தான் நான் புட்டும் கறியும் வைத்து வீட்டில் மறித்துக்கொண்டேன். அந்தப் பெண் போன பிறகு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். விளங்கியதா என்று தெரியாது. கடைசியில் "ஓம்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்கிற காலம் அது. அதனால் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

டொக்டரிடமும் சொன்னேன், அப்பாவின் செத்த வீட்டுக்கு வந்திருந்தபோது. அவர் கோபிக்கவில்லை. "நான் கேட்டிருக்க வேண்டும், மிஸி. அந்த நாட்களில் உங்களில் ஒருவர் அதைக் கட்டிக்கொண்டு எப்படித் தெருவில் போவார் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்" என்றார். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது உன் விசயம். போயா நாளில் கட்டாதே, தம்பி. வாணி வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள். அவளுக்கு ஒரு தாளில் நல்ல எண்களைக் காட்டிச் சந்தோசப்படுத்த வேண்டாம். சென்ற முறை நான் வந்து நின்றபோது உன்னோடு பஸ்ஸில் வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் கந்தோருக்குப் போகும் வழியில் சாவடியில் இறங்கினோம். வரிசையில் உனக்கு முன்னால் இன்னும் ஆட்கள் நின்றார்கள். நீ அதற்குள் பையின் சிப்பை இழுத்துத் திறந்து, அடையாள அட்டையை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் அப்பா சாவடியில் நின்றதை நான் கண்டதேயில்லை. அன்றைக்குத்தான் கண்டேன். உனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. உனக்கு டொக்டரைக் கண்டுதான் ஏறுகிறது என்று என்னை நம்பச் சொல்லாதே.

பெட்டியைக் கட்டிக்கொண்டு போ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் என்னால் முடியாது. யுத்தம் இன்னும் முடியவில்லை, கொழும்பில் இரவு பகலாகச் சோதிக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால் நான் வருகிறேன். போயா கழிந்த அடுத்த நாள் காலை ரயிலில். ஸ்டேஷனுக்கு வந்து நிற்காதே, எனக்கு வழி தெரியும். அன்று பின்னேரம் நீயும் நானும் பெட்டியைப் பையில் அல்ல, என் கையில் வெளியே தெரியப் பிடித்துக்கொண்டு அந்தச் சாவடிக்குப் போவோம். டொக்டரின் கடிதமும் என் கையில் இருக்கும். நாளைக்கு என் மகன் இதைக் கட்டிக்கொண்டு வருவான், இது இப்படித்தான் இறுகும், இப்படித்தான் சத்தம் போடும் என்று நான் சிங்களத்தில் சொல்வேன். அவர்களில் ஒருவரின் கையில் கட்டிக் காட்டவும் செய்வேன். எத்தனை கைகளில் கட்டியிருக்கிறேன். அவர்கள் ஓம் என்றால் மறுநாள் கட்டுவோம். மறுத்தால் அதைக் கொண்டுபோய் உன் டொக்டரிடம் சொல்வோம், வீட்டிலிருந்து அளந்ததை நம்பி மருந்தை முடிவு செய்ய வேண்டாம் என்று. எப்படியோ, இந்த முறை டொக்டருக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது.

அம்மா கூட வந்தால் அது வழமையான நாள் இல்லையே என்று வாணி கேட்பாள். அவள் கெட்டிக்காரி, கேட்பாள். அதனால் உன் பக்கத்தில் இருக்கமாட்டேன். பின் சீற்றில் இருப்பேன். நீ திரும்பிப் பார்க்க வேண்டாம். அப்பாவோடு இப்படி ஒரு நாள் அந்த பஸ்ஸில் ஏறிப் போயிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

பட்டியை நான்தான் கட்டுவேன், கையை மடித்துவிடக்கூடிய சேட்டாகப் போட்டுக்கொள். வாணியை உப்பைப் போட்டே சமைக்கச் சொல். சாவடியில் இறங்கியதும் நல்ல பிள்ளையாக நிற்க வேண்டும் என்று எனக்காக எதையும் மாற்றாதே. கேட்பதற்கு முன்பே பையைத் திறப்பதுதான் உன் வழமை என்றால், திறந்து பிடித்துக்கொண்டு நில். அதையும் அந்தப் பெட்டி அளக்கட்டும்.

அம்மா